சிறுநகரத்தில் பல் கிளினிக்: லாபமும் நல்ல பெயரும் சேர்ந்து வர எந்த வரிசையில் வேலை செய்வது?

முதல் கிளினிக்கைத் திறக்கும் இளம் பல் மருத்துவர்கள் பலரை அருகிலிருந்து பார்த்து வருகிறேன். கைவேலையில் குறை சொல்ல முடியாதவர்கள்கூட இரண்டாம் ஆண்டில் வாடகை கொடுக்கத் திணறுகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: வேலைகளைத் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். முதலில் உள்அலங்காரம், அடுத்து நாற்காலி, பிறகு திறப்பு விழா, எல்லாவற்றுக்கும் கடைசியில் கணக்கு.

ஒரு பல் கிளினிக்கில் பணம் மூன்று வழிகளில் வீணாகிறது. ஆளில்லாமல் கிடக்கும் நாற்காலி நேரம், இரண்டாம் முறை செய்ய நேரும் வேலை, பாதியில் நின்றுபோகும் சிகிச்சை. இந்த மூன்றையும் குறைப்பது விளம்பரம் அல்ல. நோயாளியிடம் நேர்மையாகப் பேசுவதும், சொன்ன நேரத்தில் பார்ப்பதும், சிகிச்சை முடிந்த பிறகும் விசாரிப்பதும்தான். அதனால் லாபத்தையும் சேவையையும் தனித்தனியாக எழுதாமல், ஒரே வரிசையில் எழுதியிருக்கிறேன். தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர ஊரில் ஒரு நாற்காலி, ஒரு மருத்துவர், இரண்டு உதவியாளர்கள் என்ற அளவை மனதில் கொண்டு படியுங்கள்.

1. இடம் பார்க்கும் முன் ஒரு மணி நேரத்தின் விலையைக் கண்டுபிடியுங்கள்

பல் கிளினிக் விற்பது நாற்காலி நேரத்தை. அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு என்ன செலவு வைக்கிறது என்று தெரியாமல் கட்டணம் நிர்ணயித்தால், பக்கத்துக் கிளினிக்கின் விலைப்பட்டியலைப் பார்த்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

கணக்கு புரிவதற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்கிறேன்; உங்கள் ஊர் எண்களை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். மாத வாடகை ரூ.15,000, இரண்டு உதவியாளர் சம்பளம் ரூ.22,000, கருவிக் கடனுக்கான தவணை ரூ.18,000, மின்சாரம், இணையம், கழிவு அகற்றல், ஆடிட்டர் எல்லாம் சேர்த்து ரூ.10,000. மொத்தம் ரூ.65,000. இதனுடன் உங்கள் சம்பளமாக ரூ.40,000 சேருங்கள். ஆக ரூ.1,05,000.

மாதம் 26 நாள், நாளுக்கு 7 மணி நேரம் திறந்திருந்தால் 182 மணி நேரம். ஆனால் தொடக்கத்தில் அதில் பாதி நேரம்தான் நாற்காலியில் ஆள் இருப்பார். 91 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்குச் சுமார் ரூ.1,150. ஒரு ரூட் கேனால் (வேர்ச்) சிகிச்சைக்கு மொத்தம் ஒன்றரை மணி நேரம், பொருட்செலவு ரூ.500 என்றால், உங்கள் அடக்கவிலை ஏறக்குறைய ரூ.2,225. இதற்குக் கீழே எதைச் சொன்னாலும் கைக்காசைப் போட்டுச் சிகிச்சை செய்கிறீர்கள் என்று பொருள்.

இப்போது அதே கணக்கில் நாற்காலி நேரத்தை மட்டும் 120 மணி நேரமாக உயர்த்திப் பாருங்கள். மணிக்கு ரூ.875 ஆகிவிடுகிறது. கட்டணத்தை ஒரு ரூபாய்கூட ஏற்றாமல் மணி நேரத்தின் விலை ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. அதனால்தான் கட்டணத்தை ஏற்றுவதா குறைப்பதா என்ற விவாதத்தை விட, காலி நேரத்தை நிரப்புவது முக்கியம் என்கிறேன்.

அதிகம் நடக்கும் தவறு: தன் சம்பளத்தைச் செலவில் சேர்க்காமல் விடுவது. "மிச்சம் இருப்பதை எடுத்துக்கொள்கிறேன்" என்று தொடங்குபவர்களுக்கு மிச்சமே இருப்பதில்லை. இன்னொன்று, ஜிஎஸ்டியை மறப்பது. மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு என்பதால் நோயாளியிடம் நீங்கள் வரி வாங்குவதில்லை. அதே காரணத்தால், நாற்காலிக்கும் எக்ஸ்ரே கருவிக்கும் நீங்கள் கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. கருவி விலையை வரியோடு சேர்த்தே எழுதுங்கள்.

முதல் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக வங்கியில் வைத்துவிட்டு, மீதியில்தான் கருவி வாங்க வேண்டும். வரவேற்பறை சோபாவை ஓராண்டு கழித்துக்கூட வாங்கலாம்.

2. தரைத்தளமும் நீண்ட ஒப்பந்தமும்

மாடியில் வாடகை குறைவு என்பது உண்மை. ஆனால் பல் செட் கட்ட வரும் முதியவர்களும் முழங்கால் வலி உள்ளவர்களும் படியேற மாட்டார்கள். அவர்களை அழைத்து வரும் குடும்பமும் கூடவே வேறு இடத்துக்குப் போய்விடும். பேருந்து நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரமும் தரைத்தளமும் அமைந்தால், முகப்புக் கண்ணாடி சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

நம் ஊரில் வழக்கமாக 11 மாத ஒப்பந்தம்தான் போடுகிறார்கள். பல் கிளினிக்குக்கு அது ஆகாது. தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், காற்றுக் குழாய், மின்கம்பி ஆகிய நான்கையும் தரையை உடைத்துத்தான் நாற்காலிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவை இடம் மாறும்போது எடுத்துப் போக முடியாது. குறைந்தது ஐந்தாண்டு ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். கருவிகளுக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரசர் எங்கே வைக்கப்படும், அதன் சத்தத்துக்கு வீட்டு உரிமையாளர் சம்மதிக்கிறாரா என்பதையும் அதில் எழுதிவிடுங்கள். மேல்வீட்டுக்காரர் மதியத் தூக்கம் கெடுகிறது என்று சண்டைக்கு வந்த பிறகு கம்ப்ரசரை இடம் மாற்றினால் தரையை மறுபடி உடைக்க வேண்டும்.

தண்ணீரையும் சோதியுங்கள். உப்பு நீர் உள்ள ஊர்களில் பல்லை ராவும் ஏரோட்டரும் காறை எடுக்கும் ஸ்கேலரும் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நாற்காலியின் தண்ணீர்ப் பாட்டிலுக்கும், நீராவியால் கருவிகளின் கிருமியை அழிக்கும் ஆட்டோகிளேவுக்கும் காய்ச்சி வடித்த நீர்தான் ஊற்ற வேண்டும்.

3. அனுமதிகளைக் கருவி வாங்குவதற்கு முன்பே தொடங்குங்கள்

தமிழ்நாடு பல் மருத்துவ மன்றத்தில் உங்கள் பதிவு நடப்பில் இருக்க வேண்டும். கிளினிக்கை 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிய வேண்டும். இதற்கு மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தை அணுகுங்கள். மருத்துவக் கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரமும், கழிவை எடுத்துச் செல்லும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தமும் தேவை. எக்ஸ்ரே கருவியை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இ-லோரா இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

எக்ஸ்ரே கருவியில்தான் பலர் சிக்குகிறார்கள். பழைய கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடுவார்கள். அந்த மாடலுக்கு வாரியத்தின் ஒப்புதல் இல்லை என்றால் பதிவு கிடைக்காது. முன்பணம் கொடுக்கும் முன் ஒப்புதல் சான்றின் நகலை வாங்கிப் பாருங்கள்.

கழிவில் நிறப் பிரிப்பை முதல் நாளிலிருந்தே பழக்குங்கள். இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கையுறையும் உறிஞ்சு குழாயும் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளைப் பெட்டியில், கண்ணாடிப் பொருட்கள் நீலத்தில். இரத்தம் பட்ட கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பிடுங்கிய பல்லும் மஞ்சள் பைக்குத்தான். ஆனால் அதில் பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு இருந்தால் எரிக்கும் கழிவோடு சேர்க்க வேண்டாம், பாதரசம் ஆவியாகும். அதைத் தனியாக மூடிய டப்பாவில் சேர்த்து வையுங்கள்.

4. கருவி வாங்கும் வரிசை

நாற்காலியின் தோற்றத்தில் பணத்தைக் கொட்டுவதற்கு முன் ஆட்டோகிளேவ், எக்ஸ்ரே சென்சார், எண்ணெய் கலக்காத கம்ப்ரசர், வேர் நீளம் அளக்கும் கருவி ஆகிய நான்கையும் நல்ல தரத்தில் வாங்குங்கள். இரண்டாம் முறை செய்ய நேரும் வேலையைக் குறைப்பவை இவைதான். கம்ப்ரசர் காற்றில் எண்ணெய் கலந்திருந்தால் பல் நிற அடைப்பு பல்லில் சரியாக ஒட்டாது. ஆறு மாதத்தில் அடைப்பு விழுந்துவிட்டது என்று நோயாளி திரும்ப வருவார், நீங்கள் பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

பழுது பார்க்க ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்று கேட்டே நாற்காலி வாங்குங்கள். பழுதுபார்ப்பவர் வெளியூரிலிருந்து நான்கு நாள் கழித்து வந்தால், ஒரே நாற்காலி உள்ள கிளினிக் அந்த நான்கு நாளும் மூடிக் கிடக்கும். மின்வெட்டுக்கு இன்வெர்ட்டர் வாங்கும்போது, விளக்குக்கு மட்டும் போதுமா, கம்ப்ரசரையும் இழுக்குமா என்று கேட்டு அதற்கேற்ற அளவில் வாங்குங்கள். பல்லைப் பாதி ராவிய நிலையில் மின்சாரம் போவது நோயாளிக்கும் உங்களுக்கும் பெரிய வேதனை.

5. நுண்ணுயிர் நீக்கம்: இதில் சமரசமே கிடையாது

நான் மிகவும் கண்டிப்பாகப் பேசும் பகுதி இது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மிச்சம் பிடிக்கும் கிளினிக்குக்கு நல்ல பெயர் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வரிசை இதுதான்: பயன்படுத்திய கருவியை உலரவிடாமல் ஊறவைத்தல், தேய்த்துக் கழுவுதல் அல்லது அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுதல், துடைத்து உலர்த்துதல், உறையிலிட்டு ஒட்டுதல், ஆட்டோகிளேவ் செய்தல், தேதி எழுதி வைத்தல். கழுவாத கருவியை ஆட்டோகிளேவில் போட்டால் இரத்தக் கறை அப்படியே வெந்து ஒட்டிக்கொள்ளும்; அதன் அடியில் இருக்கும் கிருமிக்கு நீராவி எட்டாது. அதனால் கழுவும் படியைத் தாண்டிப் போகவே கூடாது.

புதியவர்கள் இரண்டு விஷயங்களில் ஏமாறுகிறார்கள். புற ஊதா விளக்குப் பெட்டி கருவியைக் கிருமியற்றதாக ஆக்காது. ஏற்கெனவே ஆட்டோகிளேவ் செய்த கருவியை வைக்க மட்டுமே அது. இரண்டாவது, கருவிகளை ஊறவைக்கும் கிருமிநாசினியான குளுட்டரால்டிஹைடு கரைசல். இரண்டு சதவீதக் கரைசலில் முழு நுண்ணுயிர் நீக்கத்துக்குப் பத்து மணி நேரம் ஊற வேண்டும். இரண்டு நோயாளிகளுக்கு நடுவில் பத்து நிமிடம் முக்கி எடுப்பதால் அந்தப் பயன் கிடைக்காது.

ஏரோட்டரின் உள்ளே குழல்கள் உண்டு. துடைத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு நோயாளிக்கும் ஆட்டோகிளேவ் செய்தது வேண்டும். உலர்த்துவதோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது, அந்த நேரத்தில் இரண்டு பேரைப் பார்க்கிறீர்கள் என்றால், குறைந்தது நான்கைந்து ஏரோட்டர் வேண்டும். கருவி வாங்கும் பட்டியலில் ஒன்று மட்டும் எழுதுபவர்கள் முதல் வாரத்திலேயே விதியை மீறத் தொடங்குகிறார்கள். நல்லெண்ணம் குறைவதால் அல்ல, எண்ணிக்கை குறைவதால்.

உறையில் நிறம் மாறுவது வெப்பம் பட்டதை மட்டும்தான் காட்டும். கிருமி அழிந்ததா என்று அறிய வாரம் ஒருமுறை உயிரியல் சோதனைக் குப்பியைப் போட்டுப் பதிவேட்டில் எழுதுங்கள். காலையில் நாற்காலியின் தண்ணீர்க் குழாயை இரண்டு நிமிடமும், ஒவ்வொரு நோயாளிக்கும் நடுவில் 20 முதல் 30 விநாடியும் ஓடவிடுங்கள்.

கருவி உறையை நோயாளி கண் முன்னால் பிரியுங்கள். "அம்மா, இது உங்களுக்காகப் புதிதாகப் பிரிக்கிறேன்" என்ற ஒரு வரி போதும். அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லும் முதல் செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

6. உதவியாளர்களை எப்படிப் பழக்குவது

ஒருவர் நாற்காலிப் பக்கம், ஒருவர் முன்மேசை. ஒருவரையே இரண்டுக்கும் வைத்தால் கையுறையோடு தொலைபேசியை எடுப்பார். கிருமி ஒரு பக்கம், தவறவிட்ட அழைப்பு மறுபக்கம். இருவருக்கும் மஞ்சள்காமாலை-பி தடுப்பூசி மூன்று தவணையும் உங்கள் செலவில் போடுங்கள். 0, 1, 6 மாதம் என்ற கணக்கு, ஆகவே கடைசித் தவணைக்கான தேதியை வேலையில் சேர்ந்த நாளிலேயே எழுதி வையுங்கள்.

முன்மேசையில் இருப்பவருக்கு விற்பனை ஊக்கத்தொகை வேண்டவே வேண்டாம். பல்லின் மேல் போடும் உறையான கேப் ஒன்றுக்கு இவ்வளவு என்று வைத்தால் தேவையில்லாதவருக்கும் கேப் பேசப்படும். நேரத்துக்கு வருதல், கோப்பு ஒழுங்கு, நினைவூட்டும் அழைப்புகள் ஆகியவற்றுக்குத் தீபாவளி போனஸில் கூட்டிக் கொடுங்கள்.

7. தொலைபேசியும் நேர ஒதுக்கீடும்

முதல் கேள்வி எப்போதும் "ரூட் கேனாலுக்கு எவ்வளவு?" என்பதுதான். "நேரில் வாருங்கள், சொல்கிறோம்" என்றால் எதையோ மறைப்பது போலப் படும். ஒரே தொகையைச் சொன்னால் பிறகு மாற்ற முடியாது. இப்படிப் பழக்குங்கள்: "ஐயா, பல்லைப் பொறுத்து இந்தத் தொகையிலிருந்து இந்தத் தொகை வரை ஆகும். முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் வேறுபடும். எக்ஸ்ரே பார்த்த பிறகு மருத்துவர் எழுதியே கொடுப்பார். இப்போது வலி இருக்கிறதா?" அந்தக் கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிடக் கூடாது. அழைத்தவர் விலையைக் கேட்டாலும், அழைக்க வைத்தது வலி.

பெருநகரம் போல முழு நாளையும் முன்பதிவில் பூட்டினால் சிறுநகரத்தில் நடக்காது. கிராமத்திலிருந்து வருபவர் பேருந்தைப் பொறுத்துத்தான் வருவார். அதனால் காலை இரண்டு மணி நேரத்தை ரூட் கேனால், ஞானப்பல் போன்ற நீண்ட வேலைகளுக்குப் பூட்டுங்கள். காலையிலும் மாலையிலும் தலா இருபது நிமிடம் திடீர் வலியோடு வருபவர்களுக்குக் காலியாக விடுங்கள். மீதியில் முன்பதிவும் நேரில் வருபவர்களும் கலக்கலாம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை முன்மேசையில் எழுதி ஒட்டுங்கள். அந்த ஊர்க்காரரை முதலில் அனுப்புவது பெரிய உதவி.

சர்க்கரை நோயாளிகளுக்குக் காலை நேரம் கொடுங்கள். சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். மாத்திரை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வந்தால் நாற்காலியிலேயே சர்க்கரை இறங்கி மயங்கக்கூடும். சிறு குழந்தைகளும் காலையில்தான் ஒத்துழைப்பார்கள்.

காலண்டரையும் பாருங்கள். அஷ்டமி, நவமியில் புதுச் சிகிச்சை தொடங்க விரும்பாதவர்கள் நிறைய இருக்கிறார்கள்; அன்று மறுபரிசோதனைக்கு வர வேண்டியவர்களை அழைத்தால் நாள் காலியாகாது. ஆடி முடிந்து முகூர்த்த மாதம் தொடங்கும் முன் பல் சுத்தம் செய்யக் கூட்டம் வரும். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருபவருக்கு மூன்று வாரம்தான் இருக்கும். வந்த முதல் நாளிலேயே திரும்பும் தேதியைக் கேட்டு, கேப்பும் பல் செட்டும் செய்து தரும் லேபுக்குத் தேவையான நாட்களைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

முதல் நாள் மாலை ஒரு வாட்ஸ்அப் நினைவூட்டல், காலையில் ஓர் அழைப்பு. தாமதமானால் வந்து காத்திருப்பவரிடம் உதவியாளர் தாமே சென்று எத்தனை நிமிடம் ஆகும் என்று சொல்ல வேண்டும். காத்திருப்பை விட, காரணம் தெரியாமல் காத்திருப்பதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

8. வாயைத் திறக்கச் சொல்லும் முன் கேட்க வேண்டியவை

சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய், ஒவ்வாமை, கர்ப்பம் ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்ட படிவத்தில் கேளுங்கள். ஆனால் படிவத்தை மட்டும் நம்பாதீர்கள். "உங்களுக்கு நோய் எதுவும் உண்டா?" என்றால் இல்லை என்பார், "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? சீட்டு இருக்கிறதா?" என்று கேட்டால் பையிலிருந்து நான்கு அட்டைகள் வெளியே வரும்.

இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவரிடம், அவருடைய இதய மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். எலும்பு மெலிவு நோய்க்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) ஊசி அல்லது மாத்திரை எடுப்பவருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. இவை கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் இருக்க வேண்டும்.

ஆக்சிஜன், அட்ரினலின், குளுக்கோஸ், நாக்கடியில் வைக்கும் இதய மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர் அடங்கிய அவசரப் பெட்டியும் அவற்றின் காலாவதித் தேதிகளும் மாதம் ஒருமுறை பார்க்கப்பட வேண்டும்.

9. சிகிச்சைத் திட்டத்தைப் பேசுவது

கிளினிக்கின் லாபமும் நம்பிக்கையும் தீர்மானமாவது இந்தப் பதினைந்து நிமிடத்தில். அவசரப்பட வேண்டாம்.

முதலில் நாற்காலியை நிமிர்த்துங்கள். மல்லாந்து கிடப்பவரிடம் பணம் பற்றிப் பேசுவது முறையல்ல. அவரால் கேள்வி கேட்கவும் முடியாது. முகக்கவசத்தை எடுத்துவிட்டு அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். எக்ஸ்ரேயையும், வாயின் உள்ளே எடுத்த படத்தையும் காட்டி, "இந்தக் கறுப்பு நிழல்தான் சொத்தை. இது நரம்பைத் தொட்டுவிட்டது" என்று சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததை நோயாளி நம்புவார். சொல்லைக் கேட்டு நம்ப வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

ஏழு பல்லில் வேலை இருந்தாலும் ஏழையும் ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். உடனே செய்ய வேண்டியது, சில மாதத்துக்குள் செய்ய வேண்டியது, விருப்பமிருந்தால் செய்யலாம் என்று மூன்றாகப் பிரித்துத் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் தொகை, எத்தனை முறை வர வேண்டும், செய்யாமல் விட்டால் என்ன ஆகும், வேறு வழி என்ன என்பதும் அதில் இருக்கட்டும். பிடுங்கிவிடுவதும் ஒரு வழி என்றால் அதையும் சொல்லுங்கள்.

"வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்பதை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு பலர் முகம் மாறிவிடுகிறார்கள். நம் குடும்பங்களில் செலவை முடிவு செய்பவர் பெரும்பாலும் நாற்காலியில் இருப்பவர் அல்ல. வீட்டில் காட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து, "கணவரோ மகனோ பேச விரும்பினால் இந்த நேரத்தில் அழைக்கச் சொல்லுங்கள் அம்மா" என்று அனுப்புங்கள். மூன்று நாள் கழித்து ஒருமுறை விசாரிக்கலாம். இரண்டாம் அழைப்பு தொந்தரவாகிவிடும்.

பயங்களைச் சிரித்து ஒதுக்காதீர்கள். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும், சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பவை ஊரெங்கும் உள்ள நம்பிக்கைகள். பல்லுக்கும் பார்வைக்கும் போகும் நரம்புகள் வேறு வேறு என்று படத்தில் காட்டுங்கள். ஆடும் பல்லைக் காறை பிடித்து வைத்திருக்கிறது, காறையை எடுத்தால் அந்த ஆட்டம் முதலில் தெரியும், ஈறு இறுகிய பிறகு நிலைமை மேம்படும் என்று சுத்தம் செய்யும் முன்பே சொல்லுங்கள். முன்பே சொன்னால் அது விளக்கம். பிறகு சொன்னால் சமாளிப்பாகத் தோன்றும்.

10. பணம் வாங்கும் ஒழுங்கு

ரூட் கேனாலில் பெரும்பாலும் முதல் நாளே வலி போய்விடும். வலி போனதும் பலர் திரும்ப வருவதில்லை. சில மாதம் கழித்துப் பல் உடைந்து வருவார்கள், குறை உங்கள் மேல் வரும். அதனால் தொடங்கும் முன், "இன்று வலி போகும், ஆனால் பல் காப்பாற்றப்படவில்லை, வேரைச் சுத்தம் செய்வது, அடைப்பது, கேப் போடுவது என்ற மூன்று வேலையும் முடிந்தால்தான் பல் நிற்கும்" என்று சொல்லி, பாதித் தொகையை முதல் நாளும் மீதியை வேரை அடைக்கும் நாளும் வாங்குங்கள்.

கேப்புக்கான தொகையை முதல் நாளே, அதே தாளில், தனி வரியாக எழுதுங்கள். "கேப்புக்குத் தனியாகப் பணம் என்று அப்போது சொல்லவில்லையே" என்பதுதான் பல் கிளினிக்குகள் மேல் நான் அதிகம் கேட்ட குறை. லேப் வேலை உள்ள கேப், பல் செட் ஆகியவற்றுக்கு அளவெடுக்கும் நாளிலேயே லேப் செலவு ஈடாகும் அளவு முன்பணம் வேண்டும்.

தள்ளுபடியைக் கேட்பவருக்கெல்லாம் கொடுத்தால், கேட்காமல் முழுத்தொகை கட்டியவருக்கு அநியாயம் செய்கிறீர்கள். முடியாதவர்களுக்குக் குறைப்பதற்கென்று மாதம் ஒரு தொகையை ஒதுக்கி, அதிலிருந்து மனதாரக் கொடுங்கள். நோயாளியை அனுப்பியதற்காக யாருக்கும் கமிஷன் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். தொழில் நெறிமுறை விதிகள் அதைத் தடுக்கின்றன, கடைசியில் அந்தக் கமிஷன் நோயாளியின் பில்லில்தான் ஏறும்.

11. சிகிச்சை முடிந்த மாலை

பல் பிடுங்கியவர்களையும் வேர்ச் சிகிச்சை தொடங்கியவர்களையும் அன்று இரவு எட்டு மணிக்குள் நீங்களே அழையுங்கள். ஒரு நிமிடம் போதும். "வலி எப்படி இருக்கிறது? இரத்தம் நின்றதா? மாத்திரை போட்டீர்களா?" பஞ்சைக் கடித்திருக்க வேண்டிய நேரம், அன்று எச்சிலைத் துப்பக் கூடாது, சூடாக எதுவும் சாப்பிடக் கூடாது, புகை பிடிக்கக் கூடாது என்பவை தமிழில் அச்சிட்ட தாளாகவும் போக வேண்டும். மரத்துப்போன உதட்டைக் குழந்தைகள் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். தாயிடம் இதை வாய்விட்டுச் சொல்லாமல் அனுப்பாதீர்கள்.

அடுத்த பரிசோதனைத் தேதியையும் அப்போதே குறித்துவிடுங்கள். எல்லோருக்கும் ஆறு மாதம் என்று வைக்க வேண்டியதில்லை. ஈறு நோயும் சர்க்கரையும் உள்ளவருக்கு மூன்று மாதம், சொத்தையே இல்லாதவருக்கு ஓராண்டுகூடப் போதும். தேவைக்கேற்ப அழைக்கிறார்கள் என்று தெரிந்தால் அழைத்தபோது வருவார்கள்.

12. புகார் வந்தால்

வலி என்று திரும்ப வருபவரை அன்றே, கட்டணமின்றிப் பாருங்கள். முன்மேசையில் நிற்கவைத்துப் பேசாமல் உள்ளே அழைத்து உட்காரவையுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்டு, பரிசோதித்து, கண்டதையும் செய்ததையும் கோப்பில் எழுதுங்கள். கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருகிறது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. எழுதாத விளக்கத்துக்கும் வாங்காத ஒப்புதல் கையெழுத்துக்கும் நுகர்வோர் ஆணையத்தில் மதிப்பு இருக்காது. தொழில்முறைக் காப்பீட்டையும் கிளினிக் திறக்கும் நாளுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

"ஆயுள் உத்தரவாதம்" என்ற சொல்லை வாயிலும் பலகையிலும் பயன்படுத்தாதீர்கள். இத்தனை காலத்துக்குள் அடைப்பு விழுந்தால் கட்டணமின்றிச் செய்து தருவோம் என்று சொல்ல முடிந்ததை மட்டும் எழுதிக் கொடுங்கள். கூகுள் மேப்பில் யாராவது கடுமையாக எழுதினால், பதிலில் அவருடைய சிகிச்சை விவரம் ஒன்றுகூட வரக் கூடாது. நேரில் பேச அழைத்து இரண்டு வரியில் முடியுங்கள்.

13. மாதக் கடைசியில் பார்க்க வேண்டிய எண்கள்

கிளினிக்குக்குத் தனி வங்கிக் கணக்கு வேண்டும். வீட்டுச் செலவு அதிலிருந்து போகக் கூடாது, உங்கள் சம்பளம் மட்டும் குறித்த தேதியில் போகட்டும். மாதக் கடைசியில் நான்கு எண்கள் போதும்: நாற்காலி நிரம்பிய மணி நேரம், கட்டணமின்றி இரண்டாம் முறை செய்த வேலைகள், தொடங்கி முடியாத சிகிச்சைகள், வர வேண்டிய பாக்கி.

இரண்டாம் முறை செய்த வேலை கூடியிருந்தால் பொருளையும் முறையையும் பாருங்கள். ஒரே லேபிலிருந்து வரும் கேப்புகள் தொடர்ந்து பொருந்தவில்லை என்றால், அளவெடுப்பதில் குறையா, லேபில் குறையா என்று இரண்டு கேப்புகளை வேறு லேபுக்கு அனுப்பித் தெரிந்துகொள்ளலாம். முடியாத சிகிச்சைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு உதவியாளர் வாரம் ஒரு மதியம் அழைக்க வேண்டும். அந்த ஒரு மதியம் எந்த விளம்பரத்தையும் விட அதிகம் ஈட்டித் தரும்.

பொருட்களைச் சலுகைக்காக மொத்தமாக வாங்கி அடுக்காதீர்கள். பல் நிற அடைப்புப் பொருளுக்கும் மரத்துப்போகும் ஊசி மருந்துக்கும் காலாவதி உண்டு. மூன்று மாதத் தேவைக்கு மேல் அலமாரியில் இருப்பது தூங்கும் பணம்.

14. இரண்டாவது நாற்காலி எப்போது?

கூட்டம் இருப்பது போலத் தோன்றும்போது அல்ல. முதல் நாற்காலி திறந்திருக்கும் நேரத்தில் நான்கில் மூன்று பங்கு தொடர்ந்து மூன்று மாதம் நிரம்பியிருக்க வேண்டும்; வலியில்லாத சிகிச்சைக்கு ஒரு வாரத்துக்கு மேல் காத்திருக்கும் நிலை வந்திருக்க வேண்டும். அதற்கு முன் வாங்கினால் மணி நேரத்தின் விலை மறுபடி மேலே ஏறும்.

அதுவரை வெளி நிபுணர்களை வாரம் ஒரு நாள் வரவழைத்து, கிளிப் போடுபவர்களையும் ஞானப்பல் அறுவைச் சிகிச்சைகளையும் அந்த நாளில் சேர்த்து வையுங்கள். அவர்கள் கட்டணம் போக உங்கள் நாற்காலி மணிச் செலவு திரும்புகிறதா என்று முதல் படியில் சொன்ன கணக்கிலேயே சோதியுங்கள். இரண்டாவது நாற்காலிக்கு முன்பணம் கட்டும் நாளில் இரண்டாவது ஆட்டோகிளேவும், இன்னொரு தொகுதி ஏரோட்டரும், மூன்றாவது உதவியாளரும் அதே பட்டியலில் இருக்க வேண்டும்.